பிடித்த பாட்டு பிடிக்காமல் போனால் முதலில் காதைப் பாருங்கள்

"இப்பல்லாம் ஹெவி மெட்டல் கேக்க முடியல, ஒரே சத்தமா இருக்கு, வயசாயிருச்சுல்ல" என்று நாற்பதைத் தாண்டிய ராக் ரசிகர் யாராவது சொன்னால் இப்போது எனக்கு மனசு பதறுகிறது. சில வருடங்கள் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு இருந்தேன். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். வயதோடு ரசனை மாறும், அது இயல்புதான், இனி மனசு அமைதியானதைத்தான் தேடும் என்றார்கள். "எதற்கும் காதைப் பரிசோதித்துப் பார்" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதை யாராவது அன்றே சொல்லியிருந்தால் இரண்டரை லட்சத்துக்கு மேல் பணம் மிஞ்சியிருக்கும். அதைவிடப் பெரிதாக, காதில் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

நான் வளர்ந்தது காரைக்குடியில். அப்பாவுக்கு சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில், வேலை. அண்ணன் அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரியில் படித்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எங்கள் வீட்டுக்குள் ராக் இசை வந்தது அந்தக் கல்லூரி ஹாஸ்டல் வழியாகத்தான். லீவுக்குச் சென்னை, பெங்களூர் போய்வரும் பையன்கள் கேசட் கொண்டுவருவார்கள். அதிலிருந்து ஒருவர் பதிவு செய்து, அதிலிருந்து இன்னொருவர் பதிவு செய்து, எங்கள் கைக்கு வருவது பிரதியின் பிரதியாக இருக்கும். டீப் பர்ப்பிள், பிளாக் சாபத், அயர்ன் மெய்டன் என்று அண்ணன் நீல மையில் எழுதிய இசைக்குழுப் பெயர்கள் மட்டும்தான் அட்டையில் இருக்கும். படமும் கிடையாது, பாட்டு வரியும் கிடையாது. யார் பாடுகிறார், எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்பதைக் காதால் மட்டுமே கண்டுபிடிக்க வேண்டும்.

நாங்கள் வாடகைக்கு இருந்தது ஒரு பழைய பெரிய செட்டிநாட்டு வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில். அந்த மாதிரி வீடுகளில் இருந்தவர்களுக்குத் தெரியும், உள்ளே வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஒரு டம்ளர் கீழே விழுந்தால் முகப்பு வரை கேட்கும். டேப் ரிக்கார்டரில் கிடார் கதறினால் வீட்டுக்கார ஆச்சி எழுந்து வந்துவிடுவார். "என்னத்தா இது, பொம்பளப் பிள்ளை இருக்கிற வீட்ல இப்படிக் கத்துது" என்பார். அதனால் எனக்கு விதித்தது வாக்மேன்தான். சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்தது. ராத்திரி போர்வைக்குள், முழு வால்யூமில், ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம். பிரதியின் பிரதியில் மேல்சுரங்கள் மங்கிப்போயிருக்கும் என்பதால் அதை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் ஏற்றுவேன். அந்த வயதில் எனக்குக் கிடைத்த ஒரே தனி இடம் அதுதான். அதற்காக இன்றும் நான் வருத்தப்படவில்லை.

மெய்டன்தான் என் உயிர். டேவ் மரே, ஏட்ரியன் ஸ்மித் என்ற இரண்டு கிடார் கலைஞர்கள் ஒரே மெட்டை இரண்டு வேறு சுரங்களில் சேர்ந்து வாசிப்பார்கள். ஒன்று மேலே போகும், இன்னொன்று கொஞ்சம் கீழே அதைத் தொட்டுக்கொண்டே வரும். அதற்கு அடியில் ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கிடார் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கிடாரை மட்டும் பிடித்துக்கொண்டு பாட்டு முழுக்கப் போவேன். மறுநாள் அதே பாட்டில் இன்னொரு கிடாரைப் பிடித்துக்கொண்டு போவேன். அந்தச் சுகத்தைத்தான் பிற்பாடு இழந்தேன்.

இடையில் ரசனை எத்தனையோ முறை மாறியது. பன்னிரண்டாம் வகுப்பில் பான் ஜோவியும் கன்ஸ் அண்ட் ரோஸஸும் உருகும் பாட்டுகளாகப் பாடிக்கொண்டிருந்தார்கள், நானும் உருகினேன். 1991-க்குப் பிறகு நிர்வாணா, பேர்ல் ஜாம் வந்ததும் அந்த உருக்கமெல்லாம் ஜிகினாவாகத் தெரிந்தது. நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் 1994 ஏப்ரலில் செத்துப்போனபோது ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கல்யாணமாகி தேவகோட்டை போனபின் பல வருடம் கேசட்டுகள் டிரங்குப் பெட்டியில் கிடந்தன. அப்பா தவறிய வருடத்தில் பிங்க் ஃபிளாய்ட் வந்து ஒட்டிக்கொண்டது. அவ்வளவு மெதுவாக நகரும் இசை எனக்குப் பிடிக்கும் என்று இருபது வயதில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இவையெல்லாம் உண்மையான ரசனை மாற்றங்கள். அவற்றுக்கு ஓர் அடையாளம் உண்டு: புதிய இசை நம்மைத் தன் பக்கம் இழுக்கும், பழையது அங்கேயே இருக்கும். போட்டுக் கேட்டால் ஒவ்வொரு கருவியும் தெளிவாகக் கேட்கும், மனசு மட்டும் அதில் ஒட்டாது. இந்த அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வந்த மாற்றத்தில் அது இல்லை.

2007-லிருந்து புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். புதுவயலில் அரிசி ஆலைகள் நிறைய. அலுவலக அறைக்கும் இயந்திரங்களுக்கும் நடுவே ஒரு சுவர்தான், அதிலும் ஒரு ஜன்னல். ஆலை ஓடும்போது எதிரே இருப்பவரிடமே குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். அந்த இரைச்சலிலிருந்து தப்பிக்க இயர்போன் மாட்டிக்கொள்வேன். இரைச்சலை அமுக்கும் அளவுக்குப் பாட்டை ஏற்றினால்தானே பாட்டு கேட்கும். எத்தனையோ ஆலைகளிலும் பட்டறைகளிலும் பேருந்துகளிலும் இன்று எல்லாரும் செய்கிற காரியம் அது. அதில் ஆபத்து இருக்கிறது என்று எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

2018 வாக்கில் மெய்டன் சத்தமாகிப்போனது. வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு கிடாரும் கலந்து ஒரே கரகரப்பாகிவிட்டன. பாடகர் ப்ரூஸ் டிக்கின்சனின் குரல் மேலே ஏறும்போது காதுக்குள் குத்தியது. பேஸ் மட்டும் முன்பைவிடத் துல்லியமாகக் குதித்து ஓடியது. பாதிப் பாட்டில் நிறுத்திவிடுவேன். ஆச்சரியம் என்னவென்றால் பிளாக் சாபத் ஓரளவுக்குத் தாக்குப்பிடித்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. அந்தக் குழுவின் கிடார் கலைஞர் டோனி அயோமி பதினேழு வயதில் தகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தபோது வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தவர். கம்பிகள் தளர்ந்திருந்தால் விரலுக்குச் சுலபம் என்று பிற்பாடு கிடாரின் சுருதியையே இறக்கிக்கொண்டார். அவருடைய இசை கீழ்ச்சுரங்களில் நடப்பது. என் காதில் கீழ்ச்சுரங்கள் மிச்சமிருந்தன.

நான் மெல்ல மெல்ல அமைதியான பக்கம் ஒதுங்கினேன். ஜே.ஜே. கேல், டயர் ஸ்ட்ரெய்ட்ஸ், நீல் யங்கின் மென்மையான பாட்டுகள். அண்ணனிடம் போனில் சொன்னபோது, "பக்குவம் வந்திருச்சு தங்கச்சி, எனக்கும் அப்படித்தான்" என்றார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் தனியாக இருக்கும்போது அழுகை வரும். பதினாலு வயதிலிருந்து கூடவே இருந்த ஒன்று என்னை விட்டுப் போகிறது, அதைச் சொல்லி அழ ஊரில் ஓர் ஆள் இல்லை. வீட்டுக்காரருக்கு இளையராஜா போதும். "பிடிக்கலைன்னா விட வேண்டியதுதானே, அதுக்கு எதுக்கு இப்படி உக்காந்திருக்க" என்பார். பிடிக்கவில்லை என்பதல்ல பிரச்சினை. கேட்க வேண்டும் என்று ஏங்கிப் போட்டால் கேட்க முடியவில்லை. மேலே சொன்ன அடையாளத்தை இதோடு வைத்துப் பாருங்கள். ஆசை அப்படியே இருந்து, கேட்பது மட்டும் வேதனையாகிவிட்டால் அதை ரசனை மாற்றம் என்று விட்டுவிடாதீர்கள்.

பிறகு கருவி சரியில்லை என்று நினைத்துச் செலவு செய்யத் தொடங்கினேன். பதினெட்டாயிரத்துக்கு ஒரு ஹெட்ஃபோன். அதிலும் அதே கரகரப்பு. அடுத்து ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் சேர்த்து அறுபத்திரண்டாயிரம். அதை வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில், வைத்துப் போட்டபோது இன்னும் மோசம். சுண்ணாம்புப் பூச்சு பளபளக்கும் சுவர், கீழே ஆத்தங்குடிக் கல், மேலே உயரமான மச்சு. எதுவும் ஒலியை உள்வாங்காது, எல்லாம் திருப்பி அடிக்கும். ட்ரம்ஸ் ஓர் அடி அடித்தால் அது அடங்குவதற்குள் அடுத்த அடி வந்து அதன்மேல் விழும். நம் செட்டிநாட்டு வீடுகளில் ஸ்பீக்கர் வைக்க நினைப்பவர்கள் பணத்தை ஸ்பீக்கரில் போடுவதற்கு முன்னால் தரையில் கனமான ஜமுக்காளமும், ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் தடித்த துணியும் போட்டுப் பாருங்கள். புத்தக அலமாரி இருந்தால் இன்னும் நல்லது. எனக்கு அதில் பாதி எரிச்சல் குறைந்தது. மீதிப் பாதி அப்படியே இருந்தது.

இன்னொரு சந்தேகமும் வந்தது, அதிலும் பாதி உண்மை உண்டு. தொண்ணூறுகளிலிருந்து இசைத்தட்டுகளை மேலும் மேலும் உரத்த ஒலியில் தயாரிக்கும் போட்டி நடந்தது. மெல்லிய பகுதியையும் உரத்த பகுதியையும் ஒரே மட்டத்துக்குத் தூக்கி அமுக்கிவிடுவார்கள். மெட்டாலிக்கா குழு 2008-ல் வெளியிட்ட இசைத்தட்டு இதற்காகவே ரசிகர்களிடம் திட்டு வாங்கியது. பழைய இசைத்தட்டுகளின் மறுபதிப்புகள் பலவும் அப்படி வந்தவைதான், கேட்கக் கேட்கக் காது களைத்துப்போகும். அதனால் பழைய பாட்டு திடீரென்று முரட்டுத்தனமாகத் தெரிந்தால் பழைய பதிப்பு கிடைக்கிறதா என்று தேடிக் கேட்டுப் பாருங்கள். அதிலும் அதே குத்தல் இருந்தால் சந்தேகம் காதின் மேல்தான் விழ வேண்டும்.

பாட்டுக்கு வெளியே வந்த அறிகுறிகள்தான் முக்கியம். ஆலையில் ஆள் வந்து சொல்லும்போது "கட்டு" என்றாரா "தட்டு" என்றாரா என்று குழம்பும். போனில் பேசுகிறவர்கள் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும். நாலு பேர் சேர்ந்து பேசும் விசேஷ வீட்டில் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். பாத்திரம் தேய்க்கும் மேடையில் யாராவது எவர்சில்வர் தட்டைப் போட்டால் உடம்பே அதிரும். ராத்திரி விளக்கணைத்ததும் காதுக்குள் சில்வண்டு கத்தும், ஜன்னலைச் சாத்தினாலும் அது நிற்காது. மெல்லியது கேட்காது, உரத்தது தாங்காது. இரண்டும் ஒருசேர இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

நான் போன முதல் இடத்தில் காதில் அழுக்கு என்று சொல்லிச் சுத்தம் செய்து சொட்டு மருந்து கொடுத்தார்கள். கேட்கும் திறன் பரிசோதனை என்ற பேச்சே எழவில்லை. பெரியத்தை பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விடச் சொன்னார்கள். அன்போடு சொன்னதுதான், ஆனால் தயவுசெய்து விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் உள்ளே ஊற்றக் கூடாது. எனக்குக் கோளாறு இருந்ததோ உள்காதில், எந்தச் சொட்டும் போய்ச் சேராத இடத்தில்.

உண்மையைக் காட்டியது என் மகள். பதினாறு வயது அப்போது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முற்றத்து ஓரம் உட்கார்ந்து என் இயர்போனில் ஒன்றை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள். ஏதோ பழைய மெய்டன் பாட்டுதான். விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டே, "அம்மா, அந்த ஹை-ஹாட்ட எம்புட்டு வேகமா தட்றாரு பாரேன், ட்ஸ் ட்ஸ் ட்ஸ்ஸுனு" என்றாள். ஹை-ஹாட் என்பது ட்ரம்ஸில் ஜால்ரா போல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு தட்டு. எனக்கு எந்த ட்ஸ்ஸும் கேட்கவில்லை. அவள் காதிலிருந்ததை வாங்கி வைத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. வால்யூமை ஏற்றினேன். கிடார் காதைக் குத்தியது, பேஸ் அதிர்ந்தது, அவள் விரல் முழங்காலில் தட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது, அந்தத் தட்டலுக்கு உரிய ஒலி மட்டும் எங்குமே இல்லை. பதினாலு வயதில் அந்தப் பாட்டில் அது இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவளும் தட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். உங்களுக்குச் சந்தேகம் வந்தால் வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளையோடு இப்படி ஒரு பாட்டைப் பகிர்ந்து கேளுங்கள். அவர்களுக்கு என்னென்ன கேட்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அது பரிசோதனைக்கு மாற்று ஆகாது, ஆனால் பரிசோதனைக்குக் கிளப்பிவிடும்.

மதுரையில் ஒரு செவித்திறன் வல்லுநரிடம் போனேன். ஒலி புகாத சின்ன அறைக்குள் உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டி, 'பீப்' கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். வலியில்லை, ஊசியில்லை, அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தனியாரிடம் சில நூறு ரூபாய்தான் ஆனது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் இந்த வசதி உண்டு. முடிவில் ஆடியோகிராம் என்று ஒரு வரைபடம் தருவார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. குறி கீழே இறங்க இறங்கக் கேட்பது குறைவு என்று அர்த்தம். ஹெர்ட்ஸ் என்பது சுரத்தின் உயரம், டெசிபல் என்பது ஒலியின் உரப்பு. என் படத்தில் 250-லிருந்து 2000 ஹெர்ட்ஸ் வரை கிட்டத்தட்டச் சமதளம். 4000-ல் 55 டெசிபலுக்கு இறங்கிவிட்டது, 6000-ல் இன்னும் கீழே, 8000-ல் கொஞ்சம் ஏறியிருந்தது. அந்தப் பள்ளத்தைக் காட்டி, "இது வயசால வந்த மாதிரி இல்லம்மா, வயசுன்னா கடைசி வரைக்கும் இறங்கிக்கிட்டே போகும். இது சத்தத்தால வந்தது" என்றார். எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய முடி அணுக்கள் (முடி போன்ற நுனி கொண்ட செல்கள்) ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, நல ஆய்வு நிறுவனம் (NIOSH) பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-ல் நாலு மணி, 91-ல் இரண்டு மணி, 100-ல் கால் மணி நேரம்தான். பாட்டு கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஆலை இரைச்சலை மீறிப் பாட்டு கேட்க வேண்டுமென்றால் அதைவிட ஏற்றித்தான் ஆக வேண்டும், அப்படியானால் என் கணக்கு எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடி அணுக்கள் குறைந்த காதில் இன்னொன்றும் நடக்கும். மெல்லிய ஒலி காணாமல் போகும், கொஞ்சம் ஏற்றினால் சட்டென்று தாங்க முடியாத உரப்பாகிவிடும், நடுவில் சுகமான அளவு என்பதே சுருங்கிவிடும். டிஸ்டார்ஷன் வைத்த, அதாவது ஒலியை வேண்டுமென்றே சிதைத்து முரடாக்கிய, கிடாரின் செழுமையெல்லாம் மேல்சுரங்களில்தான். அவை உதிர்ந்துபோனால் மிஞ்சுவது கரகரப்பு. என் 'பக்குவம்' அதுதான்.

வீட்டுக்கு வரும் பேருந்தில் திருப்பத்தூர் வரை அழுதுகொண்டே வந்தேன். கொஞ்சம் நிம்மதியும் இருந்தது, பொய் சொல்லவில்லை. இத்தனை நாள் என் மனசின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன், அது அப்படியேதான் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்தேன். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தன் காது கெட்டதற்கு மேடையைவிட ஸ்டுடியோ ஹெட்ஃபோன்தான் காரணம் என்று சொல்லி, இயர்போன் மாட்டும் இளைஞர்களை எச்சரித்திருக்கிறார். ஏசி/டிசி பாடகர் ப்ரையன் ஜான்சன் 2016-ல் சுற்றுப்பயணத்தின் நடுவில் காதுக்காக விலக வேண்டியிருந்தது. என்னை அதிகம் தொட்டது நீல் யங் கதை. 1991-ல் பேரிரைச்சலான ஒரு சுற்றுப்பயணத்துக்கும் அதன் ஒலிப்பதிவுகளைச் சீர்செய்த வேலைக்கும் பிறகு காதில் இரைச்சல் வந்து, உரத்த ஒலியே வேண்டாமென்று 1992-ல் மென்மையான ஓர் இசைத்தட்டு செய்தார். எந்தப் பாட்டுகளை நான் 'அமைதி தேடி' போய்க் கேட்டேனோ அவற்றில் பாதி அந்தத் தட்டில் இருப்பவை. அவருக்கும் அது காதின் முடிவாகத்தான் இருந்திருக்கிறது.

இனி பணம் போன கதை. செவித்துணைக் கருவி விற்கும் ஒரு கடையில், கையில் இருந்த ஆடியோகிராமைப் பார்த்த கையோடு, ஒரே உட்காரலில் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு ஒரு ஜோடி விற்றார்கள். பேச்சு நன்றாகக் கேட்டது. வீட்டில் வந்து பாட்டுப் போட்டால் கிடார் நீண்டு நிற்கும் இடமெல்லாம் நடுங்கியது, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல. திருப்பிக் கொடுக்கலாமா என்றால் பில்லில் கீழே சின்ன எழுத்தில் முடியாது என்று இருந்தது. வேறு யாராவது சரிசெய்வார்களா என்றால் அந்தக் கடையின் மென்பொருளில்தான் அது திறக்கும். நாலைந்து தடவை அலைய விட்டு, கடைசியில் "பாட்டுக்கெல்லாம் இது இல்ல மேடம், பேசறதுக்குத்தான்" என்றார்கள். அதை விற்கும் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மதுரை வல்லுநர் வேறு ஜோடியை இரண்டு வாரம் வீட்டில் போட்டுப் பார்க்கக் கொடுத்தார், பிறகுதான் எண்பத்து நாலாயிரம் வாங்கினார். கருவி வாங்கப் போகும் இசை ரசிகர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்: சோதித்துப் பார்க்கக் கொடுப்பீர்களா, பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பீர்களா, வேறு ஊரில் வேறு வல்லுநரும் இதைத் திறந்து மாற்ற முடியுமா. இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். இசைக்கென்று தனி புரோகிராம் போடச் சொல்லுங்கள். அதில் கருவி தானே எழுப்பும் ஊளைச் சத்தத்தைத் தடுக்கும் வசதியையும் இரைச்சல் குறைக்கும் வசதியையும் அணைக்கவோ குறைக்கவோ சொல்லுங்கள். நீண்ட கிடார் சுரத்தை ஊளை என்று நினைத்து அது வெட்டிவிடுகிறது, நடுக்கம் அங்கிருந்துதான் வருகிறது. மேல்சுரங்களைக் கீழே இறக்கித் தரும் வசதி பேச்சுக்கு உதவலாம், பாட்டின் சுருதியைக் குழப்பிவிடும், அதுவும் வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான பாட்டைக் கொண்டுபோய் அங்கேயே போட்டுக் கேளுங்கள். பேச்சை மட்டும் வைத்துச் சோதித்து முடித்துவிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கருவி வேண்டாத அளவுக்குக் குறை சின்னதாக இருந்தால் போன் அமைப்புகளில் அணுகல்வசதி (Accessibility) என்ற பகுதியைப் பாருங்கள். இடது வலது காதுக்கு வேறுவேறு அளவு வைக்கலாம், சில போன்களில் ஆடியோகிராமையே ஏற்றி அதற்குத் தக்கபடி ஒலியை மாற்றலாம்.

ஆலையில் இப்போது காதுறை போட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன். பாட்டு வீட்டில் மட்டும். இரைச்சலான இடத்தில் கேட்டே ஆக வேண்டும் என்பவர்கள் வெளிச்சத்தத்தைக் குறைக்கும் ஹெட்ஃபோன் வாங்குங்கள், அப்போது பாட்டைக் குறைவாக வைத்தாலே கேட்கும். கை நீட்டும் தூரத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது கேட்காவிட்டால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று, என் கதையோடு சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். தூங்கி எழுந்தால் திடீரென்று ஒரு காது கேட்கவில்லை என்றால் சளி என்று நினைத்து நாள் கடத்தாதீர்கள். அன்றைக்கே காது மருத்துவரிடம் போங்கள். அதற்கு ஸ்டீராய்டு சிகிச்சை உண்டு, ஆரம்ப நாட்களில் கொடுத்தால்தான் பலன் அதிகம்.

கருவியோடு மெய்டன் திரும்பியது, முழுசாக அல்ல. இரண்டு கிடாரும் மறுபடி தனித்தனியாகப் பிரிந்தன. ஹை-ஹாட் மங்கலாக, இருக்கிற இடம் தெரிகிற அளவுக்கு வந்தது. அரை மணி நேரம் கேட்டால் களைப்பு வருகிறது, நிறுத்திவிடுகிறேன். பிங்க் ஃபிளாய்ட் எந்தக் காலத்திலும் போகவில்லை, இப்போதும் இருக்கிறது. காது கெட்ட வருடங்களில் வந்து சேர்ந்த ஜே.ஜே. கேலும் நீல் யங்கும் காது கொஞ்சம் சரியான பிறகும் போகவில்லை. அவர்களை நான் வேறு வழியில்லாமல்தான் கேட்கத் தொடங்கினேன், இன்று ஆசைப்பட்டே கேட்கிறேன். பான் ஜோவியையும் கன்ஸ் அண்ட் ரோஸஸையும் கருவியை மாட்டி, நல்ல பதிப்பாகத் தேடி, ஜமுக்காளம் விரித்த பட்டாலையில் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு சுரமும் சுத்தமாகக் கேட்டது. மனசு ஒட்டவில்லை. அண்ணனையும் ஆடியோகிராம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், தீபாவளிக்கு வரும்போது மதுரையில் இறங்கிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்கிறார்.